பதிவு, சாவி, தாலி: ஒரு சிங்கப்பூர்த் தம்பதியின் பன்னிரண்டு ஆண்டுகள்

இதில் வரும் கணவனும் மனைவியும், பிள்ளைப்பேறு தள்ளிப்போன தங்கள் அனுபவம் நாலு பேருக்குப் பயன்படட்டும் என்று சொன்ன பிறகே எழுத உட்கார்ந்தேன். பெயர், பேட்டை, வேலையிடம் எதுவும் இதில் இல்லை. நான் ஒரு குடும்பச் சேவை நிலையத்தில் ஆலோசகர். 2022 ஜனவரி முதல் 2025 டிசம்பர் வரை இவர்களைப் பதினொரு முறை சந்தித்தேன். அதற்கு முந்தைய ஆண்டுகளின் விவரங்கள் அவர்கள் வாய்வழி கேட்டவை. தேதிகளைத் திருமணப் பதிவுச் சான்றிதழ், வீட்டுக் கடிதங்கள், மருத்துவக் கோப்பு ஆகியவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

பின்புலம்

மனைவியின் பாட்டி செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வாழ்ந்தவர். ஏழு பிள்ளைகள். சிங்கப்பூர் தனி நாடான 1965இல் மொத்தக் கருவள விகிதம் 4.66, அதாவது ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக நான்கு ஐந்து பிள்ளைகள் பெற்ற காலம். 1972இல் இரண்டோடு நிறுத்தச் சொல்லும் அரசு இயக்கம் வலுத்தது. மூன்றாவது பிள்ளைக்கு மகப்பேற்றுக் கட்டணம் கூடியது, பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை குறைந்தது. பாட்டியின் கடைசி மகள்தான் இந்தப் பெண்ணின் தாய். முதலில் ஒரு மகன், 1986இல் இந்த மகள். பிரசவ அறையிலிருந்து வந்த கையோடு கருத்தடை அறுவை செய்துகொண்டார். அந்த ஆண்டு நாட்டின் விகிதம் 1.43க்கு இறங்கியிருந்தது. மறு ஆண்டே, 1987இல், அரசு தன் கொள்கையைத் திருப்பிப் போட்டது: வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளுங்கள் என்றது. தாய்க்கு அது பயன்படவில்லை. "ஒரு வருஷம் பொறுத்திருந்தா உனக்கு ஒரு தங்கச்சி இருந்திருப்பா" என்று மகளிடம் இன்றும் சொல்வாராம்.

கணவர் 1984இல் பிறந்தவர். ஆண்கள் கட்டாயம் செய்ய வேண்டிய தேசிய சேவையை (ராணுவம் முதலிய பணி) முடித்து, பட்டயப் படிப்போடு வேலைக்குச் சேர்ந்தார். பட்டப்படிப்பைப் பகுதிநேரமாகப் பிறகு முடித்துக்கொள்ளலாம் என்பது திட்டம். மனைவி கப்பல் சரக்கு நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தார். 2012இல் பழக்கம், 2013இல் இரு வீட்டாருக்கும் சம்மதம்.

நாட்டு நிலவரத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2023இல் சிங்கப்பூரின் விகிதம் முதன்முறையாக ஒன்றுக்குக் கீழே, 0.97க்கு வந்தது, 2024இலும் அதே 0.97. இந்தியச் சமூகத்தின் எண்ணும் அப்போது ஒன்றை ஒட்டியே இருந்தது. இது சிங்கப்பூருக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. தென்கொரியா 2023இல் 0.72, ஜப்பான் 2024இல் 1.15, இத்தாலி 1.18. மக்கள்தொகை குறையாமல் நிற்க 2.1 வேண்டும்.

இந்த எண்களைப் பார்த்ததும் "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் குழந்தையே வேண்டாம்" என்று முடிவு கட்டுபவர்கள் பலர். எங்கள் நிலையத்தின் வாசலுக்கு வருபவர்கள் வாயால் நான் கேட்பது வேறு. அரசின் 2021 திருமண, பெற்றோர்நிலைக் கருத்தாய்விலும் மணமானவர்களில் பத்தில் ஒன்பது பேர் இரண்டோ அதற்கு மேலோ பிள்ளைகள் வேண்டும் என்றார்கள். அவர்களில் சுமார் பாதிப் பேருக்கு இருந்தது ஒரு பிள்ளை, அல்லது அதுவும் இல்லை. விரும்பியதற்கும் வாய்த்ததற்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில்தான் இந்தத் தம்பதியும் இருக்கிறார்கள்.

2013–2017: மூன்று வாசல்கள்

2013இல் இருவரும் வீவக-வின் (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பிடிஓ வீட்டுக்கு, அதாவது விண்ணப்பம் பெற்ற பிறகு கட்டித் தரும் வீட்டுக்கு, மணமாகப்போகும் ஜோடி என்ற முறையில் விண்ணப்பித்தார்கள். இரண்டாவது முயற்சியில் எண் விழுந்தது. கட்டி முடிக்க நாலு வருடம் என்றார்கள். 2014இல் திருமணப் பதிவு முடிந்தது. அப்போது மனைவிக்கு வயது 27. சட்டப்படி கணவன் மனைவி. ஆனால் ஊரறியத் தாலி கட்டவில்லை. பதிவுக்குப் பிறகு அவரவர் பெற்றோர் வீட்டிலேயே இருப்பது இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் சாதாரணம். வீட்டுச் சாவி வந்த பிறகு கோயிலில் தாலி, பிறகு குடித்தனம், பிறகுதான் பிள்ளைப் பேச்சு.

சாவி 2017 மார்ச்சில் வந்தது, ஜூனில் தாலி. அப்போது வயது 30.

பிரான்சிலும் சுவீடனிலும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் மணம் செய்துகொள்ளாத பெற்றோருக்குப் பிறக்கின்றன. கிழக்காசியாவில் குழந்தை திருமணத்துக்குப் பின்தான். சிங்கப்பூரில் திருமணத்தோடு சாவியும் சேர்ந்துகொள்கிறது. நம் வீடுகளில் அதற்கும் மேல் தாலி. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தாக வேண்டும் என்பதால், 27இல் மணமான ஒரு பெண்ணுக்கு 30 வரை முதல் அடியே எடுத்துவைக்க முடியவில்லை. இதில் யார் தவறும் இல்லை. தாலியை முன்கூட்டியே கட்டி, வாடகை வீட்டில் தொடங்கியிருக்கலாமே என்று பின்னால் நான் கேட்டபோது கணவர் சொன்னார்: "அக்கா, வாடகைக்குக் கொடுக்கிற காசை வீட்டுக்குச் சேர்த்து வைங்கன்னு ரெண்டு வீட்டுலயும் சொன்னாங்க. எங்களுக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு." பிடிஓ வீட்டுக்குக் காத்திருப்பவர்களுக்குக் குறைந்த வாடகையில் வீவக வீடு தரும் திட்டம் 2013 முதலே இருக்கிறது. அதைப் பற்றி அவர்களிடம் யாரும் பேசவில்லை.

2017–2020: ஒவ்வொன்றாக முடித்துவிட்டு

இந்த மூன்றரை ஆண்டுகளில் எடுத்த முடிவுகளை அவர்கள் வாயாலேயே வரிசையாகக் கேட்டேன். வீட்டுச் சீரமைப்புக் கடனும் கல்யாணக் கடனும் அடைய வேண்டும், ஒன்றரை வருடம். கணவரின் பகுதிநேரப் பட்டப்படிப்பு. வாரத்தில் நாலு இரவு வகுப்பு, 2019 நடுவில்தான் முடியும். மனைவிக்கு 2018இல் பதவி உயர்வு. புதுப் பொறுப்பை ஏற்ற கையோடு மகப்பேற்று விடுப்பு கேட்கத் தயக்கம். 2019 கடைசியில் மனைவியின் தந்தைக்குச் சிறுநீரகம் செயலிழந்து வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. அண்ணன் வெளிநாட்டில் இருந்ததால் அந்தப் பொறுப்பு மகள் மேல் விழுந்தது. 2020இல் கொவிட். மருத்துவமனைப் பக்கம் போகவே பயந்த மாதங்கள்.

"நாங்க எதையும் வேண்டாம்னு சொல்லலையே அக்கா. ஒவ்வொண்ணா முடிச்சுட்டு வரலாம்னுதான் நினைச்சோம்" என்றார் மனைவி.

என் நாட்குறிப்பில் இந்த வாக்கியத்தின் கீழ் இரண்டு முறை கோடிட்டிருக்கிறேன். தனித்தனியாக எடுத்தால் இந்த முடிவுகளில் ஒன்றைக்கூட என்னால் குறைசொல்ல முடியாது. அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். கடனுக்கு வங்கி தேதி சொன்னது, படிப்புக்குக் கல்லூரி தேதி சொன்னது, வீட்டுக்கு வீவக தேதி சொன்னது. தேதி சொல்ல ஆளில்லாதது கருமுட்டைக்கு மட்டும்தான். கெடு இருக்கும் வேலைகள் முன்னால் வந்தன. கெடு இல்லாததாகத் தோன்றியது கடைசிக்குப் போயிற்று.

பெண் பிறக்கும்போதே அவளுக்கான கருமுட்டைகள் அனைத்தும் உடம்பில் இருக்கின்றன; புதிதாக உருவாவதில்லை. எண்ணிக்கையும் தரமும் 35க்குப் பிறகு வேகமாகச் சரிகின்றன. இருவரும் படித்தவர்கள். இது தெரியாதா என்று கேட்டேன். "தெரியும், ஆனா நாப்பதுலதான் பிரச்சினைன்னு நினைச்சேன்" என்றார் மனைவி. அலுவலகத்தில் இரண்டு பேர் 41, 42 வயதில் பெற்றிருக்கிறார்கள். அந்த வயதில் முயன்றும் வாய்க்காதவர்கள் அதைப் பற்றி அலுவலகத்தில் பேசுவதில்லை.

2020 நவம்பர் – 2022: முயற்சியும் வீணான மாதங்களும்

2020 நவம்பரில் முயலத் தொடங்கினார்கள். வயது 34. 2021 செப்டம்பரில் 35 நிறைந்தது. அக்டோபரில் பேட்டை மருத்துவரிடம் போனபோது, மனசை லேசாக வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் சில மாதம் பாருங்கள் என்ற பதில் கிடைத்தது. 35 வயதுக்குக் கீழ் என்றால் ஓராண்டும், அதற்கு மேல் என்றால் ஆறு மாதமும் முயன்று பார்த்துவிட்டு நிபுணரிடம் போக வேண்டும் என்பது மருத்துவ வழக்கம். இவர்கள் அந்த எல்லையில் நின்றார்கள். அந்த மருத்துவர் அன்றே பரிந்துரைக் கடிதம் எழுதியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

எங்களிடம் வந்தது 2022 ஜனவரியில். வந்த காரணம் பிள்ளைப்பேறு இல்லை. வீட்டில் சண்டை. மாமியார் ஜாதகம் பார்த்து நாகதோஷம் என்று சொல்லியிருந்தார். ராமேஸ்வரம் போய்வரச் சொன்னார். மனைவி மறுக்கவில்லை, ஆனால் "அம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசமாட்டீங்களா" என்று கணவரிடம் கேட்டிருக்கிறார். கணவர் பேசவில்லை. அதிலிருந்து தொடங்கியது.

இங்கே என் தவறைப் பதிவு செய்ய வேண்டும். முதல் மூன்று சந்திப்புகளையும் நான் மாமியார் மருமகள் பிணக்காகவே நடத்தினேன். பேசவிட்டேன், கேட்டேன், வீட்டுக்குப் போய்ச் செய்து பார்க்கப் பயிற்சிகள் கொடுத்தேன். நான்காவது சந்திப்பில், ஏப்ரலில்தான், "ரெண்டு பேரும் பரிசோதனை பண்ணிட்டீங்களா?" என்று கேட்டேன். மனைவி ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாய்ப் பரிசோதனை எல்லாம் செய்துவிட்டிருந்தார். கணவர் ஒன்றும் செய்யவில்லை. கேட்டதும் தலைகுனிந்தார். "எனக்கு ஒண்ணும் இருக்காதுன்னு நினைச்சேன்."

பிள்ளைப்பேறு தாமதமாகும் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் தரப்பிலும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனை இருப்பவற்றிலேயே எளியது, செலவும் குறைவு. ஆனால் நம் வீடுகளில் அது கடைசியாகத்தான் நடக்கிறது. மே மாதம் முடிவு வந்தது: அணுக்களின் எண்ணிக்கையும் ஓட்டமும் குறைவு. கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் என்ற ஹார்மோனின் அளவும் மனைவிக்கு வயதுக்கு எதிர்பார்ப்பதைவிடத் தாழ்ந்திருந்தது. இரண்டும் சேர்ந்தபோது இயற்கையாகக் காத்திருப்பதில் பொருளில்லை என்று நிபுணர் நேராகச் சொன்னார்.

அன்று மாலை மாமியாரே எனக்குத் தொலைபேசியில் பேசினார். "நான் அந்தப் புள்ளைய என்னென்னவோ சொல்லிட்டேனே" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அதன்பின் அந்த வீட்டில் தோஷப் பேச்சு இல்லை.

2022–2024: சிகிச்சை

செயற்கைக் கருத்தரிப்பு (முட்டையை எடுத்து, உடலுக்கு வெளியே கருவாக்கி, கருப்பையில் வைப்பது) என்று முடிவானது. அரசு மருத்துவமனையில் தகுதியுள்ள தம்பதிகளுக்குச் செலவில் 75 விழுக்காடு வரை, வரம்புக்கு உட்பட்டு, அரசு ஏற்கும்: முட்டை எடுத்துச் செய்யும் மூன்று புதுச் சுழற்சி, உறையவைத்த கருவை வைக்கும் மூன்று சுழற்சி. பெண்ணுக்கு 40 வயது நிறைவதற்குள் சிகிச்சையைத் தொடங்கியிருக்க வேண்டும். மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து முதல் சுழற்சிக்கு 6,000, இரண்டாவதற்கு 5,000, மூன்றாவதற்கு 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை எடுக்கலாம். கையிலிருந்து போட வேண்டிய பணம் இவர்களால் தாங்கக்கூடியதாகவே இருந்தது. இவர்கள் விஷயத்தில் பணம் முதல் தடையாக இருக்கவில்லை என்பதைக் குறித்துவைக்கிறேன். பிறப்பு விகிதம் பற்றிய பொதுப்பேச்சு பெரும்பாலும் பணத்திலேயே நின்றுவிடுகிறது.

முதல் சுழற்சி 2022 ஆகஸ்டில். நான்கு முட்டை, இரண்டு கரு, ஒன்று வைக்கப்பட்டது. நிற்கவில்லை. மற்றொன்று உறையவைக்கும் தரத்தில் இல்லை. அந்த இரண்டு வாரமும் ஊசி போட்டுக்கொண்டே வேலைக்குப் போனார். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. மூன்று நாள் அரைநாள் விடுப்பு எடுத்ததற்கு மேலாளர் காரணம் கேட்டபோது பல்வலி என்றாராம்.

உடனே அடுத்தது வேண்டும் என்றார் கணவர், ஆறு மாதம் போகட்டும் என்றார் மனைவி. மனைவி சொன்னபடியே நடந்தது. நானும் அதைத்தான் ஆதரித்தேன். வயதைக் கணக்கில் கொண்டால் ஆறு மாதம் நீளம்தான். ஆனால் அந்த நவம்பரில் அவர் இருந்த மனநிலையில் இன்னொரு தோல்வியைத் தாங்கியிருக்கமாட்டார். இதில் நான் இன்றும் மனம் மாறவில்லை.

இரண்டாவது சுழற்சி 2023 பிப்ரவரியில். ஆறு முட்டை, உறையவைக்கத் தகுந்த இரண்டு கரு. மே மாதக் கடைசியில் ஒன்று வைக்கப்பட்டது. நின்றது. 2024 பிப்ரவரியில் பெண் குழந்தை. தாய்க்கு வயது 37.

நடுவே 2023 ஜூலையில் ஒரு சட்டம் மாறியது. மருத்துவக் காரணம் இல்லாமலும் 21 முதல் 37 வயது வரையுள்ள பெண்கள் கருமுட்டையை உறையவைத்துக்கொள்ள அனுமதி வந்தது; பயன்படுத்தும்போது மணமாகியிருக்க வேண்டும். அவர் அப்போது கர்ப்பிணி. "இது 2017லயே இருந்திருந்தா?" என்று கேட்டார். உறையவைத்த முட்டை பிள்ளைக்கு உறுதிச்சீட்டு ஆகாது என்பதை அவருக்குச் சொன்னேன். ஆனால் 30 வயது முட்டைக்கும் 36 வயது முட்டைக்கும் உள்ள வேறுபாடு உண்மை. அதையும் மறைக்கவில்லை.

2024–2025: இரண்டாவது பிள்ளை

பிள்ளை பிறந்த பிறகு உதவிகள் வந்தன, குறையில்லாமல் வந்தன. 16 வார மகப்பேற்று விடுப்பு, குழந்தை போனஸ் ரொக்கம் 11,000 வெள்ளி, சிசுப் பராமரிப்புக்கு மானியம். பத்தியச் சமையலுக்கு மாமியாரே வந்து ஒரு மாதம் இருந்தார். தந்தையர் விடுப்பு அப்போது கட்டாயம் இரண்டு வாரம். மேலும் இரண்டு வாரம் முதலாளி விரும்பினால் கொடுக்கலாம். கணவரின் நிறுவனம் கொடுக்கவில்லை. நான்கு வாரம் கட்டாயமானதும், பெற்றோர் பகிர்ந்துகொள்ளும் ஆறு வார விடுப்பு வந்ததும் 2025 ஏப்ரலில்.

மனைவியின் நாள் எப்படிப் போயிற்று என்று ஒரு வாரம் எழுதித்தரச் சொன்னேன். காலை ஐந்தரைக்கு எழுந்து, குழந்தையைக் கீழ்த்தளப் பராமரிப்பு நிலையத்தில் விட்டு, எம்ஆர்டி ரயிலில் அலுவலகம். செவ்வாய், வியாழன், சனி அப்பாவை ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து அழைத்துவருவது. மாலை குழந்தை, இரவு மறுபடி கணக்கு வேலை. கணவர் குளிப்பாட்டுவார், துணி துவைப்பார், சமைக்கவும் கற்றுக்கொண்டார். ஆனால் நினைவில் வைத்திருக்க வேண்டியவை எல்லாம் மனைவியின் தலையில்: தடுப்பூசித் தேதி, அப்பாவின் மருந்து, டயப்பர் தீர்ந்த கணக்கு. முதியவரும் சிசுவும் ஒரே நேரத்தில் ஒரே பெண்ணின் மேல் சாய்வது, முதல் பிள்ளை 37இல் பிறப்பதன் நேரடி விளைவு. அவருடைய தாய் 28 வயதில் இரண்டாவது பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தபோது, தாயின் தந்தை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

மீதமிருந்த ஒரு கருவை 2025 ஆகஸ்டில் வைத்தார்கள். நின்றது. ஏழாவது வாரத்தில் கலைந்தது.

அடுத்து மூன்றாவது புதுச் சுழற்சிக்கு மானியம் பாக்கி இருந்தது. மனைவிக்கு 2026 செப்டம்பரில்தான் 40 நிறையும். கணவர் முயலலாம் என்றார். மகள் தனியாக வளர்வது அவருக்குப் பொறுக்கவில்லை. அவரோடு பிறந்தவர்கள் மூன்று பேர். அக்டோபரிலும் நவம்பரிலும் இருவரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் சந்தித்தேன். என் வேலை எந்தப் பக்கமும் தள்ளுவதில்லை. மனைவி என்ன சொல்கிறார் என்பதைக் கணவர் முழுக்கக் கேட்கும்படி செய்வது மட்டும்தான்.

டிசம்பர் சந்திப்பில் மனைவி சொன்னார்: "எனக்கு இன்னொரு பிள்ளை வேணும். இப்பவும் வேணும். ஆனா அந்த ஊசி, அந்த ரெண்டு வாரம், அந்தப் போன் கால்... திரும்ப முடியாதுங்க. இருக்கிற பிள்ளைக்கு நான் வேணும்." கணவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு "சரிம்மா" என்றார். மூன்றாவது சுழற்சி வேண்டாம் என்று மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

பாட்டிக்கு ஏழு, தாய்க்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. தாயின் இரண்டு, அரசு கேட்டுக் கிடைத்த எண். மகளின் ஒன்று யாரும் கேட்காமல் வந்தது. அரசும் இரண்டு மூன்று கேட்டது, அவரும் இரண்டு கேட்டார்.

என்ன மாற வேண்டும்

இவர்களுக்கு எது மாறியிருந்தால் வேறுமாதிரி ஆகியிருக்கும்? ரொக்கத்தைக் கூட்டியிருந்தால் மாறியிருக்காது. குழந்தை போனஸ் 2001இலிருந்து இருக்கிறது. தொகை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. விகிதம் இறங்கிக்கொண்டே போகிறது. பணம் பிறந்த பிள்ளைக்கு உதவுகிறது, அது வேண்டியதுதான். பிறக்காமல் தள்ளிப்போன பிள்ளையை அது எட்டுவதில்லை. 2014இல் பதிவு முடிந்த அன்று வீடு கையில் இருந்திருந்தால் மூன்று ஆண்டு மிச்சம். கட்டி முடிக்கும் காலத்தை மூன்று ஆண்டுக்குக் கீழே குறைத்த வீடுகளை வீவக இப்போது அதிகம் விற்பனைக்கு விடுவதை, நான் பார்த்த எல்லாத் திட்டங்களிலும் பயனுள்ளதாக எண்ணுகிறேன்.

நம் குடும்பங்களும் ஒன்று செய்யலாம். பதிவுக்கும் தாலிக்கும் நடுவே மூன்று நாலு வருடம் விடுவது சாஸ்திரம் சொன்னதில்லை. வீட்டுச் சாவியோடு தாலியைக் கட்டிப்போட்டது நாமே. இதை நான் பெற்றோர் கூட்டங்களில் சொல்லும்போது முகம் சுளிப்பவர்கள் உண்டு. சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

யாரையும் சீக்கிரம் பெற்றுக்கொள் என்று நெருக்குவது என் நோக்கம் இல்லை. பிள்ளை வேண்டாம் என்பவர்கள் முடிவு அவர்களுடையது. வேண்டும் என்பவர்களுக்கு, பிற எல்லாத் தேதிகளையும் சொல்கிற ஊர் இந்தத் தேதியையும் சொல்ல வேண்டும், அதுவும் இருவரிடமும்.

எங்கள் நிலையத்தில் இரண்டு விஷயங்களை மாற்றியிருக்கிறோம். திருமண ஆயத்த வகுப்பில் வீட்டுக் கடன் பாடத்துக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. அதிலிருந்து நாற்பது நிமிடத்தை எடுத்து, ஒரு செவிலியரை வைத்து, எத்தனை பிள்ளை வேண்டும், அதற்கு எந்த வயதில் தொடங்க வேண்டும் என்று ஒவ்வொரு ஜோடியும் தாளில் எழுதிப் பார்க்கச் செய்கிறோம். கடன் அட்டவணைக்குப் பக்கத்திலேயே அந்தத் தாளும் போகிறது. மணமான தம்பதி எந்தப் பிணக்கோடு வந்தாலும் நிரப்பும் முதல் படிவத்தில், குழந்தைக்காக முயல்கிறீர்களா, எவ்வளவு காலமாக, இருவரும் பரிசோதித்துக்கொண்டீர்களா என்ற கேள்வி மூன்றாம் பக்கத்தில் மனைவிக்கான பகுதியில் இருந்தது. இப்போது அது முதல் பக்கத்தில், கணவர் தன் கையால் நிரப்பும் பகுதியில் இருக்கிறது.